ஆள் குடியிருக்கிற அரண்மனை

அஜின்கோர்ட்டில் இருந்து கோடை விடுமுறைக்கு லண்டன் போகிற எங்கள் சனம் அங்கே லண்டனைப் பார்ப்பது குறைவு. ரூற்றிங்கில் ஒரு சாப்பாடு, ஈஸ்ற்ஹாமில் ஒரு சாப்பாடு, ஹரோவில் யாரோ ஒருவரின் பிறந்தநாள், ஈலிங் அம்மன் கோயில் தேர். இவற்றோடு மூன்று கிழமை முடிந்துவிடும். 2024 ஆம் ஆண்டு கோடையில் நாங்களும் அப்படித்தான் போனோம். ஆனாலும் ஒரு வியாழக்கிழமையைப் பிடிவாதமாக ஒதுக்கி, அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு விண்ட்சர் கோட்டைக்குப் போய் வந்தோம். போக நினைக்கிற வாசகர்களுக்கு உதவும் என்பது ஒன்று. நெடுநாளாக எங்கள் குடும்பத்துக்குள் இழுபட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயம் அங்கே வைத்துத்தான் ஒரு வழிக்கு வந்தது என்பது மற்றது. இந்த இரண்டுக்காகவும் இதை எழுதுகிறோம்.

அரண்மனை என்றால் ரொறன்ரோவில் எங்களுக்குத் தெரிந்தது காஸா லோமா. ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்கு அடுத்தபடி அங்கேதான் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். ஆனால் அதில் எந்த அரசனும் இருந்ததில்லை. சேர் ஹென்றி பெலற் என்ற பணக்காரர் 1911 இல் கட்டத் தொடங்கி, 1914 அளவில் குடிபுகுந்து, பத்து வருடம்கூட நிலைக்காமல் கடனாலும் வரியாலும் வெளியேறினார். இன்று அங்கே கலியாண வரவேற்பு வைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். இரவில் பூட்டிவிட்டுப் போகிறார்கள். விண்ட்சர் அப்படியல்ல. வில்லியம் என்ற நோர்மன் மன்னன் 1070 அளவில் தேம்ஸ் ஆற்றங்கரை மேட்டில் மரத்தால் தொடங்கிய கோட்டை அது. பின்னர் கல்லாயிற்று. ஏறக்குறைய நாற்பது மன்னர்கள் கண்ட இடம். இன்றும் அரச குடும்பத்தின் வீடு. உலகில் ஆள் குடியிருக்கிற கோட்டைகளில் இதுவே பெரியது, பழையது என்கிறார்கள். பதின்மூன்று ஏக்கர் நிலம், ஏறக்குறைய ஆயிரம் அறைகள். அம்மா இதைக் கேட்டவுடன், "ஆயிரம் அறையையும் ஆர் கூட்டுறது?" என்றார்.

வோட்டர்லூ நிலையத்தில் ஏறினால் நேரடி ரெயின் இருக்கிறது, ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய் விடும். செவ்வாய், புதன் நாட்களில் கோட்டை பார்வையாளருக்குப் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருக்கும் சென்ற் ஜோர்ஜ் தேவாலயத்தில் ஆராதனை, சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். காவலர் மாறும் அணிவகுப்பு செவ்வாய், வியாழன், சனி நாட்களில் பதினொரு மணிக்கு. ஆகவே எல்லாம் பார்க்க வேண்டுமானால் வியாழனோ சனியோதான் வசதி. நிலையத்திலிருந்து ஏற்றம். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வாசலில் சக்கர நாற்காலி கேட்டோம், முகம் சுளிக்காமல் தந்தார்கள். அம்மாவுக்கு எண்பது வயது. நாற்காலியில் ஏறமாட்டேன் என்று முதலில் நின்றார். கல் பதித்த பாதையைப் பார்த்த பிறகு பேசாமல் ஏறினார்.

அஜின்கோர்ட் வாசிகளுக்கு ஒரு சின்னச் செய்தி. எங்கள் ஊரின் பெயர் 1415 இல் பிரான்சில் நடந்த ஒரு சண்டையின் பெயர். ஐந்தாம் ஹென்றி என்ற இங்கிலாந்து மன்னன் வென்ற சண்டை. 1858 இல் இங்கே தபால் நிலையம் வந்தபோது அந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஷெப்பர்ட் வீதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிற எங்களுக்கு அந்தச் சண்டை எங்கே நினைவுக்கு வரப்போகிறது? ஆனால் அந்த ஹென்றியின் மகன், ஆறாம் ஹென்றி, விண்ட்சர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். தகப்பன் வென்ற பிரான்ஸ் நிலத்தை ஏறக்குறைய முழுவதும் இழந்தவன் அவன். சின்னவன் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, "எங்கட ஸ்ரேஷன் பெயருக்கு இவைதான் சொந்தக்காரர்" என்று காவலாளிக்கு ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொன்னான். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

உள்ளே நுழைந்ததும் நடுவில் ஒரு வட்டக் கோபுரம். அதன் உச்சியில் கொடி. மன்னர் வீட்டில் இருந்தால் அரச கொடி பறக்கும், இல்லாவிட்டால் பிரித்தானியாவின் யூனியன் கொடி. அன்று யூனியன் கொடிதான். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அம்மாவுக்கு வேறு கவலை.

"வீட்டுக்காரர் இல்லாத நேரம் வீட்டுக்குள்ளை போறது முறையோ?"

"காசு கட்டியிருக்கிறம் அம்மா."

"அதுதான் கேக்கிறன். வீட்டைக் காசுக்குக் காட்டுற அளவுக்கு என்ன கஷ்டம் அவைக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் பிறகு வரும். முதலில் ஒன்று சொல்ல வேண்டும். மன்னர் இல்லாவிட்டாலும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கீழ் முற்றத்தில் ஒரு வரிசை வீடுகள். இராணுவத்தில் இருந்து இளைப்பாறிய முதியவர்கள் குடும்பத்தோடு அங்கே குடியிருக்கிறார்கள். பிரான்சில் சண்டைக்குப் போய்ப் பிடிபட்டு, மீட்புப் பணம் கட்டி வறியவராய்ப் போன வீரர்களுக்காக மூன்றாம் எட்வர்ட் மன்னன் பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்றுவரை தொடர்கிறது. தேவாலயக் குருமார், ஊழியர்கள் என்று மற்றவர்களும் உள்ளேயே வசிக்கிறார்கள். ஒரு வாசலில் பூச்சாடி, ஒரு யன்னலில் திரை. சுற்றுலாப் பயணிகள் ஆயிரக்கணக்கில் போய்வருகிற இடத்தில் யாரோ ஒருவர் வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிறது. எங்களுக்குப் பொன்னும் ஓவியமும் மறந்துபோகும், அந்த யன்னல் திரை மறக்காது.

அந்தக் குடும்பத்தின் பெயரும் ஒரு வேடிக்கை. அவர்களுடைய பழைய பெயர் ஜேர்மன் பெயர். முதலாம் உலகப் போரில் ஜேர்மனியோடு சண்டை நடக்கும்போது அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இங்கிலாந்தை ஆள முடியாது என்று கண்டு, 1917 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இந்த ஊரின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார். வேலைக்கு மனுப்போடும்போது பதினாறு எழுத்துப் பெயரை ஐந்து எழுத்தாக வெட்டிய எங்களவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

மேரி மகாராணியின் பொம்மை வீட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை. 1924 இல் முடித்த அந்தச் சின்ன வீட்டில் தண்ணீர்க் குழாயும் மின்விளக்கும் வேலை செய்யுமாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இனி, வீட்டைக் காசுக்குக் காட்டுகிற கதை. 1992 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் திகதி, மகாராணியின் நாற்பத்தைந்தாவது திருமண நாள். காலை பதினொன்றரை மணி போல, அரண்மனைக்குள் இருந்த சிறு ஜெபக்கூடத்தில் ஒரு மின்விளக்கின் சூட்டில் திரைச்சீலை பற்றியது. பதினைந்து மணி நேரம் எரிந்தது. 115 அறைகள் சேதம். சென்ற் ஜோர்ஜ் மண்டபத்தின் கூரை முழுவதும் விழுந்தது. ஊழியர்களும் படையினரும் மகாராணியின் மகன் ஒருவரும் வரிசையாக நின்று படங்களையும் தளபாடங்களையும் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். பல அறைகளில் மின்கம்பி மாற்றும் வேலை நடந்ததால் சாமான்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. அதனால் இழப்பு குறைவு. கட்டிடத்துக்குக் காப்புறுதி இல்லை. பொதுமக்கள் பணத்தில் திருத்துவதா என்று நாட்டில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அதன் பின்னர்தான் 1993 இல் பக்கிங்ஹாம் மாளிகையைக் கோடையில் காசுக்குத் திறந்துவிட்டார்கள். மகாராணி வருமான வரி கட்டத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். திருத்த வேலைக்கு மூன்று கோடியே அறுபத்தைந்து இலட்சம் பவுண் முடிந்தது. அதில் பெரும்பகுதி பார்வையாளர் கொடுத்த நுழைவுப் பணத்தில் இருந்து வந்தது. தீப்பிடித்த அதே திகதியில், 1997 நவம்பர் 20 இல், வேலை முடிந்தது.

அந்த மண்டபத்தில் நாங்கள் நெடுநேரம் நின்றோம். புதிய கூரை ஓக் மரத்தால் ஆனது. காயாத பச்சை மரத்தை வெட்டி, பழைய காலத்துத் தச்சு முறையில் பொருத்தியிருக்கிறார்கள். எங்கள் அப்பு ஊரில் தச்சு வேலை தெரிந்தவர். அவர் இருந்திருந்தால் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்திருப்பார். கூரை முழுவதும் வீரர்களின் கேடயச் சின்னங்கள், இடையிடையே சில வெறும் வெள்ளையாக இருந்தன. குற்றம் செய்து பட்டம் பறிக்கப்பட்டவர்களுடையவை என்று அங்கே நின்ற பெண்மணி சொன்னார். அம்மா எங்களை மொழிபெயர்க்கச் சொல்லி அவரிடம் இரண்டு கேள்வி கேட்டார். எத்தனை வருடம் எடுத்தது? ஐந்து. ஆர் காசு குடுத்தது? உங்களைப் போல வந்து பார்த்தவர்கள்.

"அப்ப நாங்களும் ஒரு தடி போட்டிருக்கிறம்," என்றார் அம்மா. பிறகு சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

அம்மா எதை நினைத்தார் என்பது எங்களுக்குத் தெரியும். கோண்டாவிலில் அம்மாவின் சீதன வீடு இருக்கிறது. 1961 இல் கட்டியது. நாங்கள் 1988 இல் கனடா வந்த பிறகு அம்மம்மாவும் அப்புவும் அங்கே இருந்தார்கள். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்து, அங்கேயே கண்ணை மூடினார்கள். அதன் பிறகு ஓர் உறவினர் இருந்தார். அவரும் மகளோடு அவுஸ்திரேலியா போய்விட்டார். 2015 முதல் பூட்டு. பக்கத்து வீட்டு அக்கா கைத்தொலைபேசியில் படம் அனுப்புவார். ஒவ்வொரு படத்திலும் ஒன்று குறைந்திருக்கும். ஒருமுறை கூரை வளை கறையான், ஒருமுறை பின்பக்க ஓடுகள், ஒருமுறை கிணற்றுக் கப்பி காணோம். வாங்க ஆள் இருக்கிறது, நல்ல விலை கேட்கிறான், விற்றுப் பங்கு பிரிப்போம் என்பது ரூற்றிங் மாமாவின் கட்சி. பாரிஸ் சித்தி அவர் பக்கம். அம்மா விற்கவும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. உறுதி அம்மாவின் பெயரில். லண்டனுக்கு வந்த முதல் நாளில் இருந்து ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சுத்தான்.

மூத்தவள் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். அவளுக்கு வருவதற்கே விருப்பமில்லை. களவெடுத்த சாமானைக் காட்டக் காசு வாங்குகிறார்கள் என்பது அவளுடைய வாதம். பெரிய முன்கூடத்தில் அவளுக்குச் சாட்சி கிடைத்தது. 1799 இல் சிறீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்பு சுல்தானின் சிம்மாசனத்தை உடைத்துப் பங்கு போட்டார்கள். அதிலிருந்த பொன் புலித்தலை இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பளிங்குப் பற்களோடு வாயைத் திறந்தபடி. அதைப் பார்த்துவிட்டு, "இது மட்டுமில்லை, கண்டி ராசாவின்ரை சிம்மாசனமும் இங்கைதான் இருந்தது" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. 1693 இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனுக்குக் கொடுத்த சிம்மாசனம் அது. 1815 இல் கண்டி பிடிபட்டதும் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து இந்தக் கோட்டையில் வைத்திருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் இங்கே இருந்து, 1934 இல்தான் கொழும்புக்குத் திரும்பியது. இப்போது தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதில் கடைசியாக இருந்த சிறீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழித் தொடர்புடையவன். அவனை வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தினார்கள், 1832 இல் அங்கேயே இறந்தான். திப்புவின் பிள்ளைகளை அடைத்து வைத்ததும் அதே வேலூர்க் கோட்டை. 1990களில் தமிழ்நாட்டு அரசு எங்கள் அகதிகள் சிலரைச் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் பூட்டி வைத்ததும் அதே கோட்டைக்குள்தான். சாமான்கள் விண்ட்சருக்கும் ஆட்கள் வேலூருக்குமாகப் போயிருக்கிறார்கள்.

மகளின் கோபத்தை நாங்கள் தடுக்கவில்லை. புலித்தலை இருக்க வேண்டிய இடம் இதுவல்ல என்பதே எங்கள் எண்ணமும். ஆனால் சிம்மாசனம் திரும்பிப் போனதும் யாரும் அதில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்டிக்கு அரசன் இல்லை. நல்லூரிலோ 1619 இல் போர்த்துக்கேயர் சங்கிலியனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோன பிறகு கதையே முடிந்தது. சங்கிலியன் தோப்பு வளைவும் யமுனா ஏரியும்தான் எங்களுக்கு மிச்சம். வளைவு இருக்கிறது, அதற்குள்ளால் நுழைந்து போக வீடு இல்லை.

கடைசியாகத் தேவாலயம். எட்டாம் ஹென்றியும் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்ள்ஸும் ஒரே நிலவறையில் கிடக்கிறார்கள். அவர்களை அம்மா பொருட்படுத்தவில்லை. அவர் பார்க்க வந்தது ஒருவரைத்தான். வடக்குப் பக்கமாக ஒரு சிறிய அறை, இரும்புக் கதவுக்கு அப்பால் கறுப்புக் கல். அதில் நான்கு பெயர்கள்: ஜோர்ஜ், எலிசபெத், எலிசபெத், பிலிப். தாய் தகப்பன், மகள் மருமகன். 2022 செப்டெம்பர் 19 இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றிரண்டு பட்டங்களாவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்தோம். பெயரும் வருடங்களும் ஒரு நட்சத்திர அடையாளமும் தவிர வேறொன்றும் இல்லை.

அம்மா நாற்காலியில் இருந்து எழுந்து நின்றார்.

1953 இல் முடிசூட்டு விழா நடந்தபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இனிப்பும் கடதாசிக் கொடியும் கொடுத்தார்களாம். மகாராணியின் முடிசூட்டு உடுப்பில் இலங்கைக்காகத் தாமரைப் பூ தைத்திருந்தது. 1972 மே 22 இல் இலங்கை குடியரசாகும்வரை அவர் எங்களுக்கும் மகாராணி. பிறகு 1993 இல் ஸ்காபரோவில், கனேடியக் குடியுரிமைக்கு வலது கையை உயர்த்தி அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று அம்மா சத்தியம் செய்தார். அன்று அந்த மண்டபத்தில் எங்களோடு நின்ற பலருக்கு அந்த ஆங்கில வரிகள் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது.

"ரண்டு தரம் உவவின்ரை குடியாய் இருந்தனான்," என்றார். "முதல் தரம் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. ரண்டாந்தரம் கேட்டவை, நான் ஓமெண்டனான்."

மகள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து, தேம்ஸ் கரையில் இருந்து, கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டோம். அன்னங்கள் வந்து சுற்றி நின்றன. அடையாளமிடாத அன்னமெல்லாம் மன்னருக்குச் சொந்தம் என்று சின்னவன் பயமுறுத்தியதால் யாரும் கல்லெறியவில்லை, இடியப்பமும் போடவில்லை.

அன்றிரவு மாமா வழக்கம்போலத் தொடங்கினார். வாங்குகிறவன் ஆவணி வரைக்கும்தான் பார்ப்பானாம்.

"தம்பி, அதை விக்கிறேல்லை," என்றார் அம்மா.

"அப்ப என்ன அக்கா செய்யப் போறியள்? பூட்டி வைச்சுக் கறையானுக்குக் குடுக்கப் போறியளோ?"

"பூட்டுறதும் இல்லை. ஆளை இருத்தப் போறன்."

முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து வந்து கோண்டாவிலில் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை, கணவனும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரே அறையில் வாடகைக்கு இருப்பதைப் பக்கத்து வீட்டு அக்கா முன்பே சொல்லியிருந்தார். அவர்களுக்கு வாடகை இல்லை. முன் அறை ஒன்றை வருகிறவர்களுக்காக விட வேண்டும், மாலையில் விளக்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான். கூரைக்கு ஆகும் செலவைச் சகோதரர்கள் பங்கு போட வேண்டும். மாமா கணக்குப் பார்த்தார், சத்தம் போட்டார், இருக்கிற ஆள் பிறகு எழும்பாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் இப்படி வழக்குக்குப் போய் அலைகிறார்கள். அதனால் வாய்ச்சொல்லோடு விடாமல், ரொறன்ரோ திரும்பியதும் முறைப்படி அற்றோணி எழுதி அனுப்பி, அங்கே நொத்தாரிசு மூலம் மூன்று வருட உடன்படிக்கை செய்தோம். இப்படி யோசிக்கிற வாசகர்களும் எழுத்தில் செய்துகொள்ளுங்கள். பாரிஸ் சித்தி தன் பங்கை முதலில் அனுப்பினார். மாமாவின் பங்கு புரட்டாதியில் வந்தது.

ஐப்பசி மழைக்கு முன் கூரை வேலை முடிந்து, ஆசிரியை குடும்பம் பால் காய்ச்சிக் குடிபுகுந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு அவர்கள் ஒரு படம் அனுப்பினார்கள். வாசலில் வாழைக்குற்றியில் தீபம். பக்கத்தில் கிணற்றடியில், கொடியில் ஒரு சின்னப் பெடியனின் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது. அம்மா கண்ணாடியைப் போட்டு அந்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உந்தக் கொடிக்கயிறு பழசு," என்றார். "புதுசு ஒண்டு வாங்கிக் கட்டச் சொல்லு."